அண்ணாச்சி பெயரில் வந்த காய்ச்சல்

சிகந்தராபாத்தில் திருமுல்கேரியைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. மேலே நீலக்கோடு போட்ட ஆஸ்பத்திரிச் சட்டை, கீழே என் சொந்த லுங்கி, காலில் பக்கத்துக் கட்டில்காரரின் ரப்பர் செருப்பு. சமையல்கட்டுக்கு முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்த வண்டியை ஒட்டி நழுவிப் பின்வாசல் வழியாக வெளியே வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நல்ல உடம்புக்காரன் முக்கால் மணியில் நடக்கிற தூரம். எனக்கு நூறு அடிக்கு ஒருமுறை மூச்சு முட்டியது. கல்லைக் கண்டால் உட்கார்ந்தேன், மரத்தைக் கண்டால் சாய்ந்தேன். குஷாய்குடா இன்னும் ஆறு மைல் இருந்தது.

பட்டாள முகாம் ஒன்றின் வாசலில் நின்ற காவல் சிப்பாய் என்னைக் கண்டதும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். அவர்களுடைய ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடுகிற ஆள் என்று நினைத்துவிட்டான். எந்த யூனிட் என்று இந்தியில் அதட்டினான். எனக்கு யூனிட் கிடையாது, நான் வேறு ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். என் இந்தியைக் கேட்டதுமே அவன் தமிழுக்கு மாறிவிட்டான். வேலூர்ப் பக்கத்துப் பையன்.

"நோயாளி எதுக்குய்யா ரோட்டுல நடக்கற?"

"ஒருத்தர்கிட்ட அனுமதி கேக்கணும்."

"என்ன அனுமதி?"

"உண்மையைச் சொல்றதுக்கு."

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் சிரித்தான். தன் புட்டியிலிருந்து தண்ணீர் கொடுத்தான். அந்த வழியாக வந்த செங்கல் லாரியை நிறுத்தி, என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் செங்கல் மேல் உட்காரவைத்தான். டிரைவரிடம், "மெதுவாப் போ, உள்ள இருக்கறது உடையற சாமான்" என்று இந்தியில் சொல்லி அனுப்பினான். அவன் விளையாட்டாகச் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

நான் போய்ப் பார்க்க வேண்டியவர் அண்ணாச்சி. எங்கள் ஊர்க்காரர். சுற்றிவளைத்துப் பார்த்தால் ஏதோ ஒரு வகையில் உறவு. அந்த வகை எதுவென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. குஷாய்குடாவில் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, தூத்துக்குடியில் உப்பு அள்ளி, பம்பாயில் தட்டு கழுவி, சோலாப்பூரில் ஆறு மாதம் இருந்து, ஒருநாள் அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போ என்றார். ஒன்றரை வருஷம் இருந்தேன். உப்பலில் ஒரு ஷெட்டில் டப்பா மூடி அடிக்கிற மெஷினில் வேலை. படுக்கை அவர் வீட்டுக் கூடத்தில்.

அங்கே இருக்கும்போதுதான் கடைவாய்ப்பல் ஒன்று படுத்தியது. சிகந்தராபாத் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் துணி விரித்து, பிடுங்கிய பற்களைக் குவித்து வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். குவியலின் உயரத்தைப் பார்த்து, அனுபவசாலி என்று நம்பித் தலையைக் கொடுத்தேன். பல் வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துச் சாயங்காலம் தோறும் காய்ச்சல் வந்தது.

இப்போது மருந்துப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்காரர்களுக்குக் காலனியிலேயே டிஸ்பென்சரி உண்டு. குடும்பத்துக்கு ஒரு புத்தகம். அதில் கணவன், மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் பெயர் இருக்கும். அவர்களுக்கு மட்டும் மருந்து. ஆனால் காலனி நடைமுறை வேறு. ஊரிலிருந்து வந்த சித்தப்பா அப்பா பெயரில் இருமுவார். மச்சினிக்கு வயிற்றுவலி என்றால் அது மனைவியின் பக்கத்தில் ஏறும். எதிர்வீட்டு அம்மாளுக்கு ஒரே வாரத்தில் பிரசவ டானிக்கும் மூட்டுவலித் தைலமும் எழுதப்பட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. விருந்தாளிக்குச் சோறு போடுவது மாதிரி மருந்தும் போட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்ததும் மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "உங்க அண்ணாச்சி பேரைச் சொல்லுங்க. அவுகளுக்குத்தான் ஒரு சளிகூடப் பிடிக்க மாட்டேங்கே, புஸ்தகம் சும்மா கெடக்கு" என்றாள்.

டிஸ்பென்சரி டாக்டர் தலையைத் தூக்கவில்லை.

"பெயர்?"

அண்ணாச்சி பெயரைச் சொன்னேன்.

"வயது?"

"நாற்பத்திரண்டு."

எனக்கு இருபத்தாறு. எழுதிவிட்டார். பாதி சிவப்பு, பாதி கறுப்பாக இருந்த கேப்ஸ்யூல் ஒரு கவர் நிறையக் கிடைத்தது. இரண்டு நாளில் காய்ச்சல் போய்விட்டது. கவர் தீர்ந்து ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி போனேன், மஞ்சள் கேப்ஸ்யூல். மறுபடி போனது, மறுபடி வந்தது. இப்படி நாலு மாதம். இடைப்பட்ட நாட்களில் பக்கத்து வீட்டார் தங்கள் தங்கள் டப்பாவில் மிச்சமிருந்ததையும் அன்போடு கொடுத்தார்கள். என்னவென்று நானும் கேட்கவில்லை, அவர்களுக்கும் தெரியாது. எடை குறைந்தது. நகத்துக்கடியில் சிராய் குத்தினமாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வந்தன. ஒருநாள் மூடி மெஷின் மேலேயே சரிந்துவிட்டேன். ஷெட் முதலாளி என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூடவே என் சாப்பாட்டுத் தூக்கையும் அனுப்பினார். இனி வரவேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் குழலை என் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மாணவர்களைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து தினம் ஒரு கும்பல் வந்து வரிசையில் நின்று என் நெஞ்சைக் கேட்டுவிட்டுப் போனது. ஒருத்தி கேட்டுவிட்டு "ஆஹா" என்றுகூடச் சொன்னாள். வாழ்க்கையில் என்னிடம் எதையாவது அவ்வளவு ஆசையாகக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

டாக்டர் தெலுங்குக்காரர், எனக்காக நிதானமாகச் சொன்னார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது, அதனால்தான் எட்டாம் வகுப்போடு நின்றேன். அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது, கெட்ட இடத்தில் இப்போது ஏதோ ஒரு கிருமி கூடுகட்டி அதை அரித்துக்கொண்டிருக்கிறது என்றார். எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும். ஒன்றாக இருந்தால் பென்சிலின் போதும். இன்னொன்றாக இருந்தால் வேறு ஊசியும் சேர்க்க வேண்டும், அதில் காது போகலாம், சிறுநீரகம் போகலாம். தெரியாமல் போட்டால் இரண்டுங்கெட்டானாகிவிடும். அதனால் ரத்தத்தை எடுத்து, சூப் மாதிரி ஒரு கரைசல் உள்ள பாட்டிலில் விட்டு, கிருமியை வளர்த்துப் பார்ப்போம், அதுவரை பொறு என்றார்.

"இதுக்கு முன்னால என்ன மருந்து சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்ல சார்."

அவர் தெலுங்கில் கேட்டார், மாணவர்கள் இந்தியில் கேட்டார்கள், நர்ஸ் தமிழில் கேட்டாள். மூன்று மொழியிலும் இல்லை என்றேன். முந்தைய வருஷம் காலனியில் ஒருவர், மைத்துனனைத் தன் புத்தகத்தில் காட்டி மாட்டிக்கொண்டு, விசாரணை, சஸ்பென்ஷன் என்று எட்டு மாதம் அலைந்தார். படுக்க இடம் கொடுத்தவருக்கு நான் அதைச் செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் ரத்தம்தான் எடுத்தார்களே தவிர, காய்ச்சல் மாத்திரைக்கு மேல் மருந்தே கொடுக்கவில்லை. இவர்களை நம்பினால் செத்துப்போவோம் என்று எனக்குப் பட்டது. மதினிக்கும் அப்படியே பட்டது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் யார் வந்தாலும் அவர்களிடம் தயிர்சாதம் கொடுத்தனுப்புவாள். தூக்கின் அடித்தட்டில் காகிதத்தில் சுற்றிய கேப்ஸ்யூல் இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, தலையணைக்கடியில் கைவிட்டு எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று பாட்டில் எடுத்தார்கள். ஏழு நாள் கழித்தும் மூன்றும் தெளிவாகவே இருந்தன. அன்று காலைச் சுற்றில் டாக்டர் என் கட்டிலருகே வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றார். ஒன்றும் வளரவில்லை, நாளைக்கு மறுபடி எடுப்போம், அதுவும் வளராவிட்டால் குருட்டுத்தனமாகத்தான் ஊசி போட வேண்டும், வால்வு ரொம்ப நாள் தாங்காது என்றார். வளராததற்குக் காரணம் தலையணைக்கடியில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருந்தால் செத்துவிடுவேன். அண்ணாச்சி சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முட்டைக்கோஸ் வண்டி வந்தது.

செங்கல் லாரி என்னைக் காலனி வாசலில் இறக்கியது. மதினி கதவைத் திறந்து என் சட்டையைப் பார்த்தாள்.

"ஏ கொழுந்தனாரே, என்ன இது கோலம்? செத்துத் தொலைஞ்சுட்டு ஆவியா வந்திருக்கீரா?"

"இன்னும் இல்ல மதினி. அண்ணாச்சி இருக்காங்களா?"

அண்ணாச்சி கூடத்தில் என் பாயில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு காகிதம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாடே, வா. என் நெஞ்சுல என்ன சத்தம் கேக்குன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்றார்.

காகிதம் தொழிற்சாலை மெடிக்கல் ஆபீசரிடமிருந்து வந்திருந்தது. நாலு மாதமாக உமக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வருவதாகப் புத்தகம் சொல்கிறது, திங்கட்கிழமை இதயப் பரிசோதனைக்கு ஆஜராகவும், அதன் முடிவு தெரியும்வரை உமது பெங்களூர்ப் பயிற்சி நிறுத்திவைக்கப்படுகிறது. அந்தப் பயிற்சிக்காக அவர் மூன்று வருஷம் காத்திருந்தார். மதினி புதுப் பெட்டிகூட வாங்கிவிட்டாள்.

"பதினாறு வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் சிக் லீவு போட்டதில்ல நான். காய்ச்சல் வந்தது ஒனக்கு, பெங்களூர் போச்சு எனக்கு" என்றார்.

நான் என் சங்கதியைச் சொன்னேன். பாட்டிலில் கிருமி வளரவில்லை, நாம் கொடுத்த கேப்ஸ்யூல்தான் காரணம், அதைச் சொன்னால்தான் டாக்டருக்கு வழி தெரியும். அண்ணாச்சி பாயில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கடையில வாங்கினதுன்னு சொல்லேன்."

"கவர்ல உங்க டிஸ்பென்சரி முத்திரை இருக்கு அண்ணாச்சி. அதோட எந்த மருந்து, எத்தனை நாள்னு கேப்பாங்க. எனக்கு நெறம் மட்டும்தான் தெரியும்."

"முத்திரையைப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்காரன் இங்க எழுதிப் போட்டான்னா?"

"அதான் கேக்க வந்தேன். நீங்க வேண்டாம்னா நான் சொல்லல."

அவர் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் நல்ல மனுஷர். எந்தப் பதிலைச் சொன்னாலும் அன்று ராத்திரி அவரால் தூங்க முடியாது.

சமையலறையிலிருந்து மதினி பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். தரையில் கவிழ்த்தாள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, பாதி வெளுத்த வெள்ளை. ஏழு வருஷ மிச்சம். சில மாத்திரைகள் அண்ணாச்சியின் மகள் பிறப்பதற்கு முந்தியவை.

"ஒடம்புக்குள்ள என்ன போச்சுன்னுதானே அவுக கேக்காங்க? எந்தப் புஸ்தகம் வழியா வந்துச்சுன்னா கேக்காங்க?" என்றாள். "கவரை எல்லாம் அடுப்புல போடுதேன். மாத்திரையை நான் கொண்டுபோய்க் காட்டுதேன். புஸ்தகம்னு ஒரு வார்த்தை என் வாயில வராது. நீங்க திங்கக்கெழமை போயி உங்க நெஞ்சைக் காட்டுங்க. கல்லு மாதிரி இருக்கு, அதுல என்னத்தைக் கண்டுபிடிப்பான்?"

"கல்லுன்னு ஏன் சொல்லுத?" என்றார் அண்ணாச்சி, புண்பட்டு.

"கல்லா இல்லேன்னா இம்புட்டு நேரம் யோசிப்பீகளா? அந்தப் பிள்ளைக்கு மூச்சு எப்படி வாங்குதுன்னு பாருங்க."

அவர் பார்த்தார். "போயிட்டு வாங்க" என்றார். என் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளத் தன் தொழிற்சாலைக் கோட்டைக் கழற்றி நீட்டினார். மதினி பிடுங்கி ஆணியில் மாட்டினாள். அதிலும் தொழிற்சாலை முத்திரை இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். பெரிய மனுஷி மாதிரி இருந்தால் கேள்வி குறையும் என்பது அவள் கணக்கு. இரண்டு பஸ் மாறினோம். கண்டக்டர் என் கோலத்தையும் அவள் சேலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கல்யாணமா கருமாதியா என்று தெலுங்கில் கேட்டான். "போனபிறகு தெரியும்" என்று மதினி தமிழிலேயே பதில் சொன்னாள்.

வார்டுக்குப் போனால் என் கட்டிலில் லேப் மேடம் உட்கார்ந்திருந்தாள். பாட்டில்களை வளர்ப்பதும் பார்ப்பதும் அவள்தான். சிகந்தராபாத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம், ஐம்பது வயது, கனத்த கண்ணாடி, ஊர் உருது கலந்த தமிழ். மடியில் ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. பக்கத்தில், தலையணைக்கடியிலிருந்து எடுத்த என் காகிதப் பொட்டலம்.

"வாங்க ராஜா. வாக்கிங் நல்லா இருந்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தட்டை நீட்டினாள். அதில் மஞ்சளாக, வெண்ணெய் தடவினமாதிரி ஒரு படலம் பரவியிருந்தது. நடுவில் மட்டும் நாலணாக் காசு அளவுக்குச் சுத்தமாக ஒரு வட்டம்.

"இது சாதுக் கிருமி, யாரையும் ஒண்ணும் பண்ணாது. தட்டு முழுக்க விதைச்சுட்டு நடுவுல, நேத்து எடுத்த உன் ரத்தத்துல மேல தெளிஞ்ச நீர் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடத்துல ஒண்ணு விடாம செத்திருக்கு. மனுஷ ரத்தம் கிருமியை இப்படிக் கொல்லாது. நீ என்ன அவதார புருஷனா, இல்ல திருட்டு மருந்து முழுங்கறியா? கைக்கு, எதுக்குப் பொய் சொன்னே?"

மதினி முன்னால் வந்து டப்பாவைக் கட்டிலில் வைத்தாள். "என் மேல தப்பு. இதெல்லாம் நான் குடுத்தது. எங்க வாங்கினோம்னு மட்டும் கேக்காதீங்க."

மேடம் டப்பாவுக்குள் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ஏசுவே, மெடிக்கல் ஷாப்பே நடந்து வருது" என்றாள். பிறகு மதினியின் கையைத் தட்டி, "நான் கிருமி பிடிக்கிறவ, ஆள் பிடிக்கிறவ இல்ல. பயப்படாதே" என்றாள்.

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இதைச் சாப்பிட்டாயா, எப்போது, எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கடைசியாகச் சாப்பிட்டது முந்தாநாள் என்றேன். தட்டைத் தூக்கிக் காட்டினாள். நேற்று ராத்திரி என்றேன். தட்டைக் கீழே வைக்கவில்லை. இன்று காலை, வெளியே போவதற்கு முன் என்று முடித்தேன். "ஹவ், ஆமா, இப்ப சரி" என்று தட்டை வைத்தாள்.

டாக்டர் திட்டவில்லை. எல்லா மருந்தையும் நிறுத்தி ஆறு நாள் விட்டு ரத்தம் எடுப்போம் என்றார். அதற்குள் மூச்சு மோசமானால் காத்திருக்காமல் குருட்டு ஊசிதான்.

அந்த ஆறு நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாளிலிருந்து காய்ச்சல் திரும்பியது. சாயங்காலம் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினேன். பக்கத்துக் கட்டில்காரர், அவர் செருப்பை நான் போட்டுக்கொண்டு போன கோபத்தை மறந்து, தன் கம்பளியையும் போர்த்தினார். ராத்திரி படுக்க முடியாமல் தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்தே இருந்தேன். மதினி தினம் வந்தாள். வாசலிலேயே மேடம் தூக்கைத் திறந்து, தயிர்சாதத்துக்குள் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். ஒருநாள் கரண்டியில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. மோர்மிளகாய். அதையும் கடித்துப் பார்த்தாள். கடித்தவள் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினாள்.

ஏழாம் நாள் காலை வலது கை, ஒரு மணி நேரம் விட்டு இடது கை, இன்னும் ஒரு மணி விட்டு மறுபடி வலது கை. ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால் அது தோலில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கலாம், மூன்றிலும் ஒரே ஆள் வந்தால்தான் குற்றவாளி என்றாள் மேடம். நம் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள் பாட்டில்களை வைத்தாள். மறுநாள் தெளிவாக இருந்தன. அதற்கு அடுத்த நாள் காலை அவளே வார்டுக்கு வந்து என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். கழுவிய அரிசித் தண்ணீர் மாதிரி இலேசாகக் கலங்கியிருந்தது. மூன்றும்.

"இத்தனை மாசம் ஒளிஞ்சிருந்த பய. பாக்கறியா?"

மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு ஊதா நிறத்தில், கோத்த பாசிமணி அறுந்து விழுந்தமாதிரி சின்னச் சின்னச் சரங்கள். என்னைக் கொல்ல வந்தவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு சின்னதா என்றேன்.

"சரமா இருக்கு. அதனால சீழ்க்கட்டிக் கிருமி இல்ல, அது கொத்துக்கொத்தா இருக்கும். அது வந்திருந்தா நீ இந்நேரம் இருக்க மாட்டே. மிச்சம் மூணு பேர் மேல சந்தேகம். வாயில இருக்கறவன், நுரையீரல்ல இருக்கறவன், குடல்ல இருக்கறவன். குடல்காரனா இருந்தா உன் காதுக்கு நான் உத்தரவாதம் இல்ல."

ஆட்டு ரத்தம் கலந்து உறையவைத்த சிவப்புத் தட்டில் அதைக் கம்பியால் தொட்டு இழுத்தாள். மறுநாள் தட்டில் குண்டூசித் தலையளவு புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பாசி படிந்தமாதிரி பச்சை. வாய்க்காரனும் நுரையீரல்காரனும் இப்படித்தான் பச்சை போடுவார்கள், குடல்காரனும் சமயத்தில் போடுவான் என்றாள். பித்தநீர் உப்பைக் கரைத்து ஒரு சொட்டு விட்டாள். நுரையீரல்காரனாக இருந்தால் கரைந்துபோவான். கரையவில்லை. உப்பு அதிகம் போட்ட கரைசலில் விட்டாள். குடல்காரன் அதிலும் வளர்வான். ஒரு ராத்திரி காத்தோம். வளரவில்லை. பென்சிலின் தோய்த்த காகிதத் துண்டைத் தட்டில் வைத்ததற்கு அதைச் சுற்றி அகலமாக, சுத்தமாக ஒரு வட்டம் விழுந்தது.

"வாய்க்காரன்" என்றாள். "எல்லார் வாயிலயும் சும்மா கெடக்கற பய. நீ எங்கயோ பல்லைப் பிடுங்கிருக்கே, அந்தப் புண்ணு வழியா ரத்தத்துல இறங்கி, கெட்டுப்போன வால்வுல போய் உக்காந்துட்டான். பென்சிலினுக்குச் செத்துருவான். காது தப்பிச்சுது உனக்கு."

நடைபாதைப் பல்காரனைப் பற்றிச் சொன்னேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இதற்கிடையே திங்கட்கிழமை வந்துபோயிருந்தது. அண்ணாச்சி பயந்துகொண்டே மெடிக்கல் ஆபீசர் முன்னால் சட்டையைக் கழற்றினார். எக்ஸ்ரே எடுத்தார்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார்கள், நெஞ்சை முன்னும் பின்னும் கேட்டார்கள். ஒரு குறையும் இல்லை. நாலு மாதக் காய்ச்சல் சுவடில்லாமல் போனதற்கு டிஸ்பென்சரி கொடுத்த மருந்துதான் காரணம் என்று ஆபீசர் முடிவு கட்டி, டிஸ்பென்சரி டாக்டரைப் பாராட்டி ஒரு குறிப்பும் எழுதினார். நோய் எனக்கு, குணம் அவருக்கு. அண்ணாச்சி வெட்கத்தோடு இதை என் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார். புதுப் பெட்டியோடு பெங்களூர் போனார்.

நாலு வாரம் ஊசி. இடுப்பில் இடம் தீர்ந்து நர்ஸ்கள் தேடித்தேடிக் குத்தினார்கள். முதல் வாரத்திலேயே காய்ச்சல் நின்றது. கடைசியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பாட்டிலில் விட்டார்கள். தெளிவாக இருந்தது, இந்த முறை நியாயமாக. வால்வு கொஞ்சம் ஒழுகும், ஆனால் தாங்கும், பாரம் தூக்காதே, மூடி மெஷின் பக்கம் போகாதே, பல்லில் யார் கைவைப்பதற்கு முன்னாலும் என்னிடம் வா என்று சொல்லி டாக்டர் அனுப்பினார்.

நீலக்கோட்டுச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க லேப் பக்கம் போனேன். மேடம் ஒரு வரிசை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெளிவு.

"எங்க கிளம்பிட்டே?"

"சோலாப்பூர்ல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்."

"நக்கோ, போக வேண்டாம். இந்தப் பாட்டில்களைப் பாரு. எத்தனை தரம் கேட்டாலும் மருந்து சாப்பிடலேன்னு சாதிக்கறாங்க. டாக்டர் கேட்டாப் பயம், நர்ஸ் கேட்டாக் கோபம். உன்னை மாதிரி பொய் சொல்லத் தெரிஞ்ச ஒருத்தன் கேட்டாத்தான் சரிப்படும். தமிழ், தெலுங்கு, இந்தி மூணும் பேசறே. பாட்டில் கழுவற ஆள்னு பேர் போட்டுக்கலாம். டாக்டர்கிட்டப் பேசிட்டேன்."

மறுநாள் காலை ஏழரைக்கு ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ரயில்வேக்காரர், இரண்டு மாதமாகக் காய்ச்சல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உட்காரச் சொல்லி, இதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை தம்பி, சத்தியமாக இல்லை என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பை ஒரு மாத்திரைப் பொட்டலம் அளவுக்குப் புடைத்திருந்தது. எழுந்து, உள்ளே இருக்கிற நர்ஸுக்குக் கேட்காதபடி அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.